ஓட்டில்லாத பங்கு

சென்னை வேலையை விட்டுவிட்டுத் தென்காசியிலேயே இருந்துவிடலாம் என்று நான் நினைக்கத் தொடங்கியபோது அப்பா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். மென்பொருள் சோதிப்பது என் வேலை. ஒரு செயலி எங்கெல்லாம் உடையும் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக உடைத்துப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்த்தது போதும், நேரில் வாருங்கள் என்று அலுவலகம் சொல்லிவிட்டது. மறுபடியும் ஒரு பெண்கள் விடுதியில் கட்டிலும் பாதி அலமாரியும் பிடிக்க எனக்கு மனமில்லை. இங்கே வீடு இருந்தது. தவறாமல் வரும் ஒரு வருமானம் கிடைத்தால் இருக்கலாம், கிடைக்காவிட்டால் சென்னை. கேள்வி அவ்வளவுதான்.

அப்பா விட்டுப்போன பணத்தை எங்கே போடுவது என்று வழிகளை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினேன். வங்கி வைப்பு பத்திரமானது, ஆனால் வட்டி செலவுக்கு எட்டவில்லை. மாடியை வாடகைக்கு விடலாம், ஆனால் தெருவில் பாதி வீடுகள் ஏற்கெனவே பூட்டிக் கிடந்தன, குடிவர ஆளில்லை. பங்குச் சந்தை ஏறும், இறங்கும். மாத மளிகையை அதன் தலையில் கட்ட முடியாது. நான்காவதாக எழுதியது, பெரியப்பா மகனின் லாட்ஜ்.

அண்ணன் என்னைவிட ரொம்ப மூத்தவர். குற்றாலத்தில் பெரியப்பா கட்டிய லாட்ஜை அவர்தான் நடத்தினார். அது ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. லிப்ட் போடவும் குளியலறைகளை மாற்றவும் பணம் தேவைப்பட்டது. வங்கியில் வாங்கியது போக மீதிக்கு, முன்னுரிமைப் பங்கு கொடுக்கலாம் என்று அவருடைய ஆடிட்டர் யோசனை சொன்னார். அண்ணன் அதை என்னிடம் கொண்டுவந்தார்.

நான் முழுவதும் படித்துவிட்டுத்தான் சம்மதித்தேன். லாபம் வந்தால் நான் போட்ட பணத்துக்கு ஒன்பது சதவீதம் முதலில் எனக்கு, அதன் பிறகுதான் அண்ணனுக்கும் அவர் தம்பிக்கும். ஒரு வருடம் கொடுக்க முடியாவிட்டால் அது கழியாது, அடுத்த வருடத்தோடு சேரும். கம்பெனியைக் கலைத்தால் வங்கிக்கு அடுத்தபடி என் பணம் திரும்பும். இதற்கெல்லாம் பதிலாக எனக்கு ஓட்டு கிடையாது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காரவைப்பார்கள், ஆனால் அடுப்படிக்குள் போய் உப்புப் பார்க்க விடமாட்டார்கள். எனக்கு அது பொருத்தமாகவே இருந்தது. சாப்பாடுதான் வேண்டும், சமையல் வேண்டாம்.

சென்னை வேலையை விட்டேன். முதல் இரண்டு சீசனும் சொன்னபடி நடந்தது. வருடத்துக்கு ஒருமுறை வரும் டிவிடெண்டைப் பன்னிரண்டாகப் பிரித்து, மாதம் ஒரு பங்காக எனக்கே அனுப்பிக்கொண்டேன். குறைவதைச் சில்லறைச் சோதனை வேலைகள் ஈடுகட்டின.

பணம் சரியாக இருந்தது. மற்றவைதான் நான் எழுதிய வரிசையில் இல்லாதவை. காலையில் எழுந்து வேலை பார்த்து, ஒரு ஆழாக்கு அரிசி பொங்கி, மதியம் கேஸ் சிலிண்டர்காரரிடம் "ஒரு நிமிஷம் அண்ணாச்சி" என்று சொல்லும்போதுதான் அன்றைக்கு நான் பேசும் முதல் வார்த்தை அது என்று தெரியும். குரல் கரகரவென்று வரும். அதற்காக நான் அழவில்லை. சனிக்கிழமைகளில் பஸ் ஏறிக் குற்றாலம் போக ஆரம்பித்தேன்.

போவதற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன், முதலீட்டைக் கவனிப்பது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் சாவிகள் தொங்கும் பலகையை முதலில் பார்ப்பேன். ஆணிகள் காலியாக இருந்தால் அறைகள் நிறைந்திருக்கின்றன. பிறகு மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். அண்ணன் மனைவி, என் மதினி, உள்ளிருந்து எட்டிப் பார்த்துச் சமையல்காரரிடம் சொல்லுவாள்.

"பங்குதாரர் வந்தாச்சு. காப்பியில சீனி கூடப் போடும். இல்லேன்னா கேஸ் போட்டுருவா."

"நான் கேஸ் போட முடியாது மதினி. எனக்கு ஓட்டே கிடையாது."

"ஓட்டு இருக்கிறவுக மட்டும் என்னத்தக் கண்டாவ. இந்தா, வந்த வேலைக்கு வெங்காயத்த உரி."

வெங்காயம் உரித்துக்கொண்டு மாலைவரை இருப்பேன். கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸில் திரும்புவேன்.

மூன்றாவது சீசனில் சாரல் ஏமாற்றியது. அருவிப் பாறையில் ஈரம் மட்டும் தெரிந்தது. மதுரைப் பக்கத்திலிருந்து வழக்கமாக வருபவர்கள் போன் செய்து, "தண்ணி விழுதா?" என்று கேட்பார்கள். அண்ணன் பொய் சொல்ல மாட்டார். நான்காவது சீசனில் தண்ணீர் வந்தது, அளவுக்குமேல் வந்தது. குளிக்கத் தடை. தடையை எடுப்பார்கள், ஆட்கள் வருவார்கள், வெள்ளம் ஏறும், மறுபடி தடை. துண்டும் எண்ணெயுமாக வந்தவர்கள் அருவியைப் போனில் படமெடுத்துக்கொண்டு அன்றைக்கே திரும்பிப் போனார்கள். தண்ணீர் இல்லாமல் ஒரு வருடம், மிஞ்சி ஒரு வருடம். இரண்டு வருடமும் லாபம் இல்லை. லாபம் இல்லையென்றால் முதல் பந்தியிலும் இலை காலிதான்.

கொடுக்காதது சேர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் சேர்கிற பணத்தில் மளிகை வாங்க முடியாது. சென்னையில் பழைய மேலாளருக்கு வேலை கேட்டு எழுதிய கடிதத்தை அனுப்பாமல் வைத்திருந்தேன்.

அப்போதுதான் ஆடிட்டர் போன் செய்தார். கம்பெனியின் பொதுக்குழு கூடுகிறது, புளியறை தாண்டிக் கேரளாவிலிருந்து வந்த ஒருவர் லாட்ஜை விலைக்குக் கேட்கிறார், அண்ணன் விற்கலாம் என்கிறார் என்றார்.

"எனக்கு எதுக்கு சார் சொல்லுதீங்க? எனக்குத்தான் ஓட்டு இல்லையே."

"இருக்கும்மா. ரெண்டு வருசம் டிவிடெண்ட் குடுக்கலேன்னா முன்னுரிமைப் பங்குக்கும் ஓட்டு வந்துரும். சட்டம் அது. அதுவும் உங்களுக்கு உள்ளது சின்ன ஓட்டு இல்ல."

அவர் விளக்கியது இதுதான். போட்ட மூலதனத்தின் விகிதத்தில்தான் ஓட்டு. பெரியப்பா கம்பெனி பதிவு செய்தபோது போட்ட மூலதனம் அந்தக் காலத்து ரூபாயில் அப்படியே கிடந்தது. கட்டடம் வளர்ந்ததெல்லாம் கடனில். பங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் போட்டதோ இன்றைய ரூபாய். அண்ணனும் தம்பியும் சேர்ந்தாலும் என் பக்கமே கனம்.

போனை வைத்த பிறகு நானும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. நான் ஒரு கை தூக்கினால் லாட்ஜ் விற்கும், தூக்காவிட்டால் விற்காது.

தூக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். காரணங்கள் சரியாகவே இருந்தன. கேட்கிற விலை குறைவு. ஒரு நல்ல சீசன் வந்தால் நிலுவை முழுவதும் வந்துவிடும். கட்டடம் உறுதியாக இருக்கிறது. இந்த மூன்றையும் எழுதினேன். நான்காவதாக ஒன்று இருந்தது, அதை எழுதவில்லை. விற்றால் அண்ணனும் மதினியும் மகள் இருக்கும் கோயம்புத்தூருக்குப் போய்விடுவார்கள்.

கூட்டம் லாட்ஜின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. நாங்கள் நான்கு பேர்தான். அண்ணனின் தம்பி வெளிநாட்டிலிருந்து சம்மதக் கடிதம் அனுப்பியிருந்தார். ஆடிட்டர் தீர்மானத்தை வாசித்தார். நான் விலையைப் பற்றிக் கேட்டேன், மழையைப் பற்றிக் கேட்டேன், வங்கிக் கடனைப் பற்றிக் கேட்டேன். அண்ணன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மேசைத் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னார்.

"அடுத்த சீசன் நல்லா இருந்தா?" என்றேன்.

"இருக்கலாம்."

"அப்ப ஒரு வருசம் பாக்கலாமே அண்ணே."

மதினிதான் பேசினாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"ஏட்டி, உங்க அண்ணன் விடியமுன்ன எந்திச்சு வாசல்ல நின்னு வானத்தப் பாக்காவ. மழ பெய்யாட்டா தண்ணி வராதேன்னு கவல. பெய்தா தடை போட்டுருவானேன்னு கவல. ரெண்டு வருசமா ஒரு நாள் வயிறாரச் சாப்பிடல. உனக்கு ரூபா குடுக்கலேங்கிறத நெனச்சுத்தான் பாதி. சனிக்கிழம ஆனா நீ வருவியேன்னு சட்டையப் போட்டுட்டு வெளிய போயிருவாவ. நீ கவனிச்சியோ என்னவோ."

நான் கவனித்திருந்தேன். கடைத்தெருவுக்குப் போயிருப்பதாக நினைத்தேன்.

சனிக்கிழமைதோறும் சாவிப் பலகையைப் பார்த்தவள் நான். நான் துணைக்காகப் போனேன். அவருக்குக் கடன்காரி வாசலில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்திருக்கிறது. இரண்டுமே உண்மைதான்.

ஆடிட்டர் பேனாவைத் திறந்து காத்திருந்தார். வேண்டாம் என்று சொன்னால் அவர்கள் இன்னும் ஒரு வருடம் இங்கே இருப்பார்கள். அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போவார். மதினி வெங்காயம் கொடுப்பாள். அதற்குச் சட்டத்தில் எனக்கு முழு உரிமை இருந்தது.

"சம்மதம்னு எழுதிக்கோங்க சார்," என்றேன்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "உனக்குத்தான் மொதல்ல செட்டில் பண்ணுவோம். நிலுவையும் சேத்து."

"தெரியும்ணே."

"கோவம் இல்லியே?"

"இல்லண்ணே. நல்ல முடிவுதான்."

மதினி எழுந்து வந்து என் தோளில் கை வைத்தாள். "நீயும் எங்ககூட வந்துரேன்ட்டி. தனியா இங்கன என்ன செய்யப்போற?" புறப்படுகிறவர்கள் சொல்லுகிற விதத்தில்தான் சொன்னாள். நானும் அதற்குரிய விதத்தில் சிரித்தேன்.

ஆடிட்டர் தன் காரில் தென்காசிவரை கூட்டிப் போனார். இலஞ்சி தாண்டும்போது தூறல் விழுந்து கண்ணாடி மங்கியது. பணம் கைக்கு வந்ததும் எதில் எவ்வளவு போடலாம் என்று அவர் சொல்லிக்கொண்டு வந்தார். வைப்பில் பாதி, அரசுப் பத்திரத்தில் பாதி போட்டால் போதும். நிலுவையும் சேர்ந்து வருவதால், சில்லறை வேலைகளின் பணத்தோடு மாதம் என் செலவுக்குச் சற்று மேலேயே நிற்கும்.

"இனி உங்களுக்கு எந்தச் சீசனப் பத்தியும் கவல இல்லம்மா. எத்தன வருசம் வேணும்னாலும் தென்காசியிலேயே இருக்கலாம்."

"ஆமா சார், இருக்கலாம்," என்றேன்.

தெருமுனையில் இறங்கிக்கொண்டேன். அன்றைக்கு வியாழக்கிழமை. நாளைக்கு முடித்துக் கொடுக்க வேண்டிய சோதனை ஒன்று இருந்தது. சனிக்கிழமைக்கு ஒன்றும் இல்லை.