இரண்டாவது கார்டுக்கு ஒரு முகவரி

தொண்ணூறுகளின் நடுவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றின் கணினி அறைக்கு நான் ஒருத்திதான். முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். அதற்குப் பிறகு வேலை நிரந்தரமாகாவிட்டால், டத்தோ கிராமாட்டில் அப்பா எனக்காகப் பேசி வைத்திருந்த கிராணி என்கிற குமாஸ்தா வேலைக்குப் போய் நாள் முழுக்கக் கடிதம் தட்ட வேண்டும். செத்தாலும் போகமாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா "பார்ப்போம்" என்றார். அந்தப் "பார்ப்போம்" எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

அறையில் ஒரு யூனிக்ஸ் சர்வர் இருந்தது. அதில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ஒன்று அலுவலகக் கணினிகளுக்கு. கோலாலம்பூரிலிருந்து வந்த ஆள் அமைத்துக் கொடுத்தது. மற்றது சும்மா கிடந்தது. உற்பத்திக் கூடத்தின் சோதனை இயந்திரங்களை அதில் இணைக்க வேண்டும் என்றதும், அதே ஆளைக் கூப்பிடலாம் என்றார் சீனரான எங்கள் மேனேஜர். எதற்கு, நானே செய்கிறேன் என்றேன். கையேட்டைப் பார்த்து, கார்டுக்கு ஒரு முகவரி கொடுத்து, ஒரே வரிக் கட்டளையில் எழுப்பினேன். நான்கு மாதம் ஒரு பிசகும் இல்லை. தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்!

சீனப் புத்தாண்டு வந்தது. விடுமுறைக்கு மூடும்போது மின்பணியாளர் எல்லா சுவிட்சையும் அணைப்பது எங்கள் தொழிற்சாலை வழக்கம். சர்வரையும் அணைத்தோம். திறக்கும் நாளுக்கு முதலாளி நல்ல நேரம் குறித்திருந்தார். காலை பதினொன்றுக்குள் நாங்கள் செய்யும் மின்சுற்றுப் பலகைகளில் முதலாவது சோதனையில் தேறி வெளியே வர வேண்டும். தவறினால் வருஷம் முழுக்க விளங்காது என்பது அவர் நம்பிக்கை.

அன்று ஒன்பதரைக்கு சர்வரை எழுப்பினேன். அலுவலகக் கணினிகள் இணைப்பில் வந்தன. சோதனை இயந்திரம் ஒன்றுகூட வரவில்லை. வாசலில் சிங்க நடனத்து மேளம் வேறு. ஆயர் ஈத்தாமிலிருந்து வேலைக்கு வரும் லைன் சூப்பர்வைசர் அக்கா ஓடி வந்தார்.

"என்னா தங்கச்சி, மெஷின் எல்லாம் செத்த மாதிரி கெடக்குது! மொதலாளி வந்து நிக்கிறாரு லா!"

கேபிளைப் பிடுங்கினேன், செருகினேன், மாற்றினேன். அரை மணி நேரம் வீண். கடைசியில் சர்வரிடமே கார்டுகளின் பட்டியலைக் கேட்டேன். ஒன்றுதான் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. நான் தட்டிய கட்டளை நினைவகத்தில் மட்டும்தான் நின்றது. சர்வர் எழும்போது படிக்கும் கோப்பில் நான் அதை எழுதவே இல்லை. மின்சாரம் போனதும் முகவரியும் போய்விட்டது. அடிப் பாவி, இதைக்கூடவா பார்க்கவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"கரண்டு அடிச்சி கார்டு போச்சின்னு சொல்லிரு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் அக்கா, நல்ல மனசோடு. ஆசையாகத்தான் இருந்தது.

அதே வரியைத் திரும்பத் தட்டினேன். பத்து இருபத்தைந்துக்கு இயந்திரங்கள் வந்தன. மேனேஜர் பெருமூச்சு விட்டார். நான் கோப்பிலும் எழுதிவிட்டு, சர்வரை அணைத்துத் திரும்ப எழுப்ப வேண்டும் என்றேன்.

"பைத்தியமா ஒனக்கு? இப்பதானே வந்துச்சி!" என்று அக்கா கத்தினார்.

மேனேஜரிடம் உள்ளதை மலாய் மொழியில் சொன்னேன். கார்டு கெடவில்லை, நான்தான் பாதி வேலை செய்திருக்கிறேன். முதல் பலகை ஓடிவிட்டால் மூன்று ஷிப்டும் ஓடும். அடுத்த புத்தாண்டு வரை யாரும் நிறுத்த விடமாட்டார்கள். கோப்பில் எழுதியது தப்பாக இருந்தால், திடீரென்று மின்சாரம் போகும்போது இதே கதைதான். பன்னிரண்டு நிமிஷம் கொடுங்கள் என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "வரவில்லையென்றால் நாளை நீ வர வேண்டாம்" என்றார்.

சரி என்று அணைத்தேன். திரையில் வரிகள் ஆமை வேகத்தில் ஓடின. விசைப்பலகையைத் தொடவில்லை. தானாக வந்தால்தான் வந்ததாக அர்த்தம். பத்து நாற்பத்தேழுக்கு இரண்டு கார்டுகளும் எழுந்தன. "ஓடுது லா, ஓடுது!" என்று அக்காவின் குரல் கேட்டது. பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது முதல் பலகை வெளியே வந்தது.

மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார். தப்பு என்னுடையது என்பதால் சோதனைக் காலம் இன்னும் மூன்று மாதம் என்றார். பிறகு மின்பணியாளரை உள்ளே வரச் சொல்லி, என் முன்னாலேயே சொன்னார்: "இனிமேல் இவளைக் கேட்காமல் அந்த சர்வரை யாரும் அணைக்கக் கூடாது. நானே சொன்னாலும் சரி."