சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சர்வர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பள்ளி திறந்து ஒரு மாதம் ஆகியிருந்தபோது நடந்தது இது. வாலாஜாபாத்திலிருந்து தென்னேரி போகும் வழியில் இருக்கும் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. வீடு காஞ்சிபுரத்தில். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டிலுமே பட்டுத்தறி உண்டு. காலையில் என் கணவர் தறியில் உட்காரும்போது நான் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பேன்.

எங்கள் பள்ளியில் இன்டர்நெட் என்பது பெயருக்குத்தான். யாரோ ஒரு புண்ணியவான் வாங்கிக் கொடுத்த பன்னிரண்டு டேப்லெட்டுகள் பீரோவில் தூங்கின. பாட வீடியோ ஒன்றைத் திறந்தால் திரையில் வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் அதற்கு ராட்டினம் என்று பேர் வைத்திருந்தார்கள். “இன்னிக்கும் ராட்டினந்தானா டீச்சர்?” என்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் ஒரு ஆசிரியர் கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், “அந்தப் பக்கத்துப் பசங்களுக்குக் கரும்பலகையே ஜாஸ்தி மேடம்” என்று சொன்னபோது சிரிப்பு வரவில்லை. ராட்டினத்தை நிறுத்தியே தீர்வது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

வழி இருந்தது. சர்வர் என்றதும் பயந்துவிடாதீர்கள். ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் பாடங்கள், அகராதி, கணக்குப் பயிற்சி, பரிசோதனை வீடியோக்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே நிரப்பி வைத்துவிட வேண்டும். அதோடு ஒரு வைஃபை கருவியை இணைத்து மாடியில் மாட்டிவிட்டால், சுற்றி இருக்கும் டேப்லெட்டும் போனும் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்தே எடுத்துப் படிக்கும். இன்டர்நெட்டே தேவையில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் என்னோடு படித்தவர் ஒருவர் இருக்கிறார். பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர். ஓரமாகப் போட்டிருந்த பழைய மிஷின் ஒன்றை அவர் கொடுத்தார். பாடங்களை நிரப்பவும் உதவினார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெற்றோர் கூட்டம் கூட்டினேன். ஊரே சேர்ந்து செய்வோம் என்பது என் எண்ணம். சார்ட் பேப்பரில் கலர் பேனாவால் திட்டம் வரைந்து கரும்பலகையில் ஒட்டியிருந்தேன். நடுவில் பள்ளி, எதிரே பெரிய தெரு. மாடியில் வைஃபை கருவியை அந்தத் தெருவைப் பார்த்து மாட்டினால், சாயந்திரம் பிள்ளைகள் வீட்டிலிருந்தே அப்பா அம்மா போனில் படிக்கலாம். எனக்கே என் படம் அழகாகத் தெரிந்தது.

டீ வந்தது. பின்வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தெரு. ஊரில் காலனி என்பார்கள். ஒரகடம் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை என்று தெரியும். முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராக வந்திருந்தார், கழுத்தில் அடையாள அட்டைகூடக் கழற்றவில்லை. நான் அவரைப் பார்த்து, “ஏம்மா, இந்த டீய கொஞ்சம் எல்லாருக்கும் குடுத்துடும்மா” என்றேன். கூட்டத்தில் முப்பது பேர் இருந்தார்கள். ஏன் அவரைச் சொன்னேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

அவர் எழுந்து வந்தார். டீ கொடுக்கவில்லை. நேராகக் கரும்பலகைக்குப் போய் என் படத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“டீச்சர், இதுல எங்க தெரு எங்க இருக்குது?”

படத்தில் அது இல்லை. நான் வரையவே இல்லை. வேண்டுமென்று விடவில்லை, மனசிலேயே வரவில்லை. அந்த இரண்டாவது விஷயம்தான் மோசம் என்று இப்போது தெரிகிறது. அப்போது வந்தது கோபம். இவ்வளவு நல்ல காரியம் செய்கிறேன், இதில் போய் ஒரு குறையா?

“உங்க தெரு ரொம்ப தூரம்மா. சிக்னல் எட்டாது.”

“அளந்து பாத்தீங்களா?”

முன்வரிசையில் பெரிய தெருக்காரர் ஒருவர் திரும்பினார். “அளக்கறதெல்லாம் இருக்கட்டும்பா. அந்தாண்டயும் இந்தாண்டயும் வயரு, பொட்டின்னு போனா, நாளைக்கு ஒண்ணு காணாப் போச்சுன்னா யாரு பொறுப்பு?”

அந்தப் பெண் அவரைப் பார்த்துத்தான் பேசினார். குரல் உயரவில்லை.

“ஒரு நாளைக்கு ஆயிரம் போர்டு என் கைவழியா போவுதுங்க. செல்போன் போர்டு. ஒவ்வொண்ணா பாத்து, பழுது இருந்தா சரிபண்ணி அனுப்புறது என் வேல. ஆறு வருசம் ஆவுது. இதுவரிக்கும் ஒண்ணும் காணாப் போவல.”

சொல்லிவிட்டு வெளியே நடந்தார். பள்ளியின் பின்சுவரில் ஓரிடத்தில் கல் சரிந்து ஒரு சந்து இருக்கும். அந்தத் தெருப் பிள்ளைகள் அது வழியாகத்தான் வருவார்கள். படிக்கட்டிலிருந்து அந்தச் சந்துக்கு, அங்கிருந்து தெருவுக்கு, ஒரே நேராக எட்டு வைத்து நடந்தார். அவர் மகளும் இன்னும் நாலைந்து பிள்ளைகளும் பின்னாலேயே ஓடி, உரக்க எண்ணினார்கள். “எழுபத்தொண்ணு, எழுபத்திரண்டு” என்று சத்தம் போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் ஜன்னலில் நின்று கேட்டோம். திரும்பி வந்து எதிர்ப்பக்கம் பெரிய தெருவுக்கும் அதேபோல நடந்தார். மூச்சு வாங்க வந்து நின்றார்.

“எங்க தெரு கடைசி வீட்டுக்கு நூத்தி நாப்பது தப்படி. பெரிய தெரு கடைசி வீட்டுக்கு எரநூத்திப் பத்து. எது டீச்சர் தூரம்?”

பள்ளி கேட்டுக்கு வெளியே போய் ரோட்டைச் சுற்றிப் போனால்தான் அந்தத் தெரு தூரம். இந்தப் பள்ளிக்கு வந்த ஒன்பது வருடத்தில் நான் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் சுவரை ஒட்டிய ஜெபவீட்டிலிருந்து வரும் பாட்டு என் வகுப்பறைக்குள் தெளிவாகக் கேட்கும். பாட்டு எட்டுகிற இடத்துக்குச் சிக்னல் எட்டாது என்று அறிவியல் டீச்சர் சொல்லியிருக்கிறேன்!

கோபம் போன இடத்தில் வெட்கம் வந்தது. சார்ட்டைக் கழற்றி, திருப்பிப் போட்டு, பேனாவை அவரிடம் நீட்டினேன். “நீங்களே போடுங்கம்மா” என்றேன். அவர் கோடு போட்டார். பள்ளி, பின்சுவர், ஜெபவீடு, அவர் தெரு. அப்புறம் பெரிய தெருவையும் போட்டார். ஒரு வீட்டையும் விடவில்லை.

பெரிய தெருக்காரர்களில் பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள்.

புதன்கிழமை தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, பயந்தவர். ஒரு தாளை நீட்டினார். அனுமதி பெறாத மின்கருவி எதையும் பள்ளி வளாகத்தில் பொருத்தக் கூடாது என்று எழுதியிருந்தது. “ஊர்ல பேச்சு வந்துடுச்சும்மா. எனக்கு ரிட்டயர்மென்ட் கிட்ட வந்துடுச்சு. விட்டுடுங்க” என்றார். கையெழுத்துப் போட்டேன். உண்மையைச் சொல்கிறேன், நானும் பயந்துதான் போட்டேன். மாற்றல் கொடுத்து எங்கேயாவது தூக்கிப் போட்டுவிட்டால் வீட்டை யார் பார்ப்பது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அன்று சாயந்திரம் முதல்முறையாக அந்தச் சந்து வழியாக அந்தத் தெருவுக்குப் போனேன். திட்டத்தைக் கைவிட்டாயிற்று என்று நானே நேரில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அந்தப் பெண் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். தலைமை ஆசிரியர் நீட்டிய தாளில் இருந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, துணியை உதறிக் கொடியில் போட்டபடியே கேட்டார்.

“பள்ளி வளாகத்துலதானே வைக்கக் கூடாது?”

“ஆமா.”

“அவரு அதிகாரம் சுவரு வரிக்குந்தானே டீச்சர்? சுவருக்கு இந்தாண்ட எங்க ஜெபவீடு. பொட்டிய நாங்க வெச்சிக்கிறோம். சிக்னலு சுவரத் தாண்டி வந்துச்சுன்னா அதுக்கு நாங்க இன்னா பண்றது?”

அந்தத் தெருவில் இந்துக் குடும்பங்களும் உண்டு, கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. விஷயம் அரைமணி நேரத்தில் தெரு முழுக்கப் பரவியது. பாஸ்டர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: “ஆராதனை நேரத்துல வயரு யாரு காலயும் தட்டக்கூடாதுமா.”

வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. அன்றுதான் கம்பெனிக்குப் போகும் பெண்களுக்கு லீவு. ஆராதனை முடிந்த கையோடு ஆறு பெண்கள் கூடினார்கள். ஒருத்தி ஒயரிங் கம்பெனி, இன்னொருத்தி ஏசி பொருத்தும் கம்பெனி. இத்தனை வருடம் இவர்கள் கைநாட்டு ஆட்கள் என்பது போல நினைத்துக்கொண்டு நான் இவர்கள் பிள்ளைகளுக்கு மின்சுற்றுப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

சின்ன காஞ்சிபுரத்து நண்பர் கம்ப்யூட்டரை ஸ்கூட்டரில் கட்டி எடுத்து வந்தார். சுவிட்சைப் போட்டோம். விசிறி சுற்றியது, திரை வரவில்லை. மறுபடி போட்டோம். நண்பர் கழற்றிப் பார்த்து, துடைத்து, மாட்டி, கடைசியில் உதட்டைப் பிதுக்கினார். “வழியில குலுங்கினதுல உயிர் போயிடுச்சு போல. விட்டுடலாம்” என்றார். பெரிய தெருக்காரர்கள் சிரிக்கப் போவது காதில் கேட்டது.

அந்தப் பெண் தன் போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். “குலுங்குனதுல போவலங்க. இத பாருங்க, உப்பிக்கினு இருக்குது.” மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்னச் சின்ன உருளைகள் சில போர்டில் நின்றிருந்தன. அதில் மூன்றின் தலை மட்டும் வீங்கியிருந்தது. “இந்த மூணத்தான் மாத்தணும். வேற ஒண்ணும் இல்ல.”

நண்பர் நம்பவில்லை. ஆனாலும் வாலாஜாபாத் போய், ஒரு ரேடியோ மெக்கானிக் வீட்டுக் கதவைத் தட்டி, உருளைகளும் பற்றவைக்கும் சூட்டுக்கோலும் ஈயமும் வாங்கி வந்தார். அந்தப் பெண் ஜெபவீட்டுப் பெஞ்சில் போர்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஈயம் உருகும் வாசனை வந்தது. அவர் மகள் தலைக்கு மேல் போனைப் பிடித்து வெளிச்சம் காட்டினாள். சேலை டிசைனில் கைதேர்ந்த என் நண்பர், அந்தக் கை ஒரு தடவைகூடப் பிசகாமல் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுவிட்சைப் போட்டார். திரை வெளிச்சமானது. ஒருத்தி கைதட்ட ஆரம்பித்தாள், ஜெபவீடே தட்டியது.

அதற்கப்புறம் என்னென்ன பாடம் ஏற்றலாம் என்று பேச்சு வந்தபோது ஒரு பெண் சொன்னார்: “இந்தி ஏத்துங்க டீச்சர். எங்க சூப்பர்வைசர் இன்னா சொல்லி திட்றாருன்னாவது தெரியணும்.” சிரிப்பு அடங்க நேரமானது. இந்தியும் ஏற்றினோம்.

திங்கட்கிழமை இரண்டாவது பீரியட். ஏழாம் வகுப்பு. டேப்லெட்டைத் திறந்து இதயம் துடிக்கும் வீடியோவைத் தொட்டேன். சட்டென்று ஓடியது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். உடனே வகுப்பு முழுக்கக் கையை வைத்தது.

வீடியோ சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியர் வந்துவிட்டார். “இது எங்கேர்ந்தும்மா வருது?”

“சுவருக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து சார்.”

“யாரு அனுமதி குடுத்தது?”

நாற்பது பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “காத்துக்கு யார் சார் அனுமதி குடுக்கறது?” என்றேன். வேலையில் சேர்ந்ததிலிருந்து யாரையும் நான் அப்படி எதிர்த்துப் பேசியதில்லை.

விளக்கம் எழுதித் தரச் சொன்னார். ‘பள்ளி வளாகத்தில் எந்தக் கருவியும் பொருத்தப்படவில்லை’ என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். வேண்டுமானால் வந்து பார்க்கட்டும் என்று இருந்தேன். யாரும் வரவில்லை. நான்கு நாள் கழித்து அவரே வகுப்புக்கு வந்து, பின்பெஞ்சில் உட்கார்ந்து, எரிமலை வீடியோவை முழுதாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜெபவீட்டு மாடியிலிருந்து சிக்னல் பள்ளி முழுக்க வந்தது. பெரிய தெருவில் பாதி வரைதான் போனது. ஒரு மாதத்தில், சிக்னல் எட்டாத மீதிப் பாதிக்காரர்கள் என்னிடம் வந்தார்கள். எங்கள் பக்கமும் ஒரு கருவி வைக்க முடியுமா என்று கேட்டார்கள். “என்னைக் கேட்டா ஆகாதுங்க, பெட்டி பின்தெருக்காரங்களோடது” என்றேன். போய்க் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் மறுக்கவில்லை. ஆனால், “பேசணும்னா எங்க தெருவுக்கு வாங்க. கூட்டம் இங்கதான்” என்று சொல்லிவிட்டார்.

மூன்று வாரம் யாரும் போகவில்லை. நான்காவது வாரம் போனார்கள். காணாமல் போனால் யார் பொறுப்பு என்று கேட்டாரே, அவர் மட்டும் இன்றுவரை போகவில்லை. அவர் பேத்தி தினமும் போகிறாள்.

சர்வர் இப்போதும் அங்கேதான் ஓடுகிறது. நடுவில் இரண்டு முறை படுத்தது, இரண்டு முறையும் அதே கை எழுப்பியது. வேறு பள்ளிகளிலிருந்து வந்து கேட்கிறவர்களிடம் நான் அந்தப் பெண்களைத்தான் காட்டுகிறேன். சிலர் அவர்களைத் தாண்டி என்னிடமே பேசப் பார்ப்பார்கள். நான் பதில் சொல்வதில்லை.

எல்லோரும் என்னைத் துணிச்சல்காரி என்கிறார்கள், ஆனால் அன்றைக்கு அந்தப் பெண் ‘எங்க தெரு எங்க இருக்குது’ என்று கேட்டதும் வெட்கத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது என்பதை நான் மறக்க விரும்பவில்லை, ஏனென்றால் தலைமை ஆசிரியரோடும் ஊரோடும் மோதியதைவிட அந்தக் கோபத்தோடு மோதுவதுதான் எனக்கு இன்னும் முடியாத வேலையாக இருக்கிறது.