தரை பார்த்த துப்பாக்கி

அழகுமுத்து மச்சானின் கருமாதி முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் அட்டன் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் அவரைப் பற்றி ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: "துப்பாக்கி வச்சிருந்த டிரைவரு." கேட்பவர்களுக்கு அவர் ஏதோ முரட்டு ஆள் என்று தோன்றியிருக்கும். அவர் என் அக்கா வீரம்மாவின் கணவர். ஒரு கோழியை அறுக்கக்கூடக் கை வராதவர். தீபாவளிக்குக் கோழி வாங்கினால் கடைவீதி நூர்தீன் நானாவிடமே அறுத்து வாங்கிக்கொண்டு, பையைத் தன் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி வருவார். அந்தத் துப்பாக்கி அவர் கைக்கு எப்படி வந்தது, அதை அவர் எப்படிப் பிடித்தார் என்பதை யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் உள்ள எங்கள் குருவிக்கல் தோட்டத்தில் அவர் பெரிய துரையின் ஜீப் டிரைவர். ஐம்பத்தேழாம் ஆண்டு, பக்கத்துத் தோட்டமொன்றுக்கு அட்டன் வங்கியிலிருந்து சம்பளப் பணம் வந்துகொண்டிருந்தபோது, வளைவில் மரத்தை வெட்டிப் போட்டு மறித்துப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். வண்டி ஓட்டியவரின் தோளில் கத்தி விழுந்தது. எங்கள் துரை பட்டாளத்தில் இருந்தவர். அடுத்த சம்பளத்துக்கு முன்பே பொலிஸில் பேசி அனுமதி வாங்கி, ஒரு கைத்துப்பாக்கியை மச்சானிடம் கொடுத்தார். பணம் எடுத்துவரும் நாளில் துரையே ஜீப்பை ஓட்டுவார். மச்சான் பக்கத்து இருக்கையில் கையை வேறெதற்கும் கொடுக்காமல் உட்கார்ந்து வரவேண்டும்.

மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு இது போதாதா?

"ஏய், அங்க பாருங்கடி. இன்னைக்கி அழகுமுத்து அண்ணன்தான் தொரை. தொரை டிரைவரு!"

"அப்ப நாளைக்கி அண்ணன் நம்மள வெரட்டுவாரு, தொரை ஜீப்பு கழுவுவாரு."

நூர்தீன் நானா வேறுவிதமாகச் சொன்னார். மச்சானுக்குப் பிரஜாவுரிமை இல்லை. நாற்பத்தெட்டாம் ஆண்டுச் சட்டம் வந்ததோடு எங்கள் ஆட்களில் பெரும்பாலோருக்கு அது இல்லாமல் போயிற்று. "ஓட்டுப் போட ஒங்களுக்கு ஆகாதாம் அழகுமுத்து, சுட்டுப் போட மட்டும் ஆகுமாம். என்ன சட்டமோ!" என்று சொல்லிக்கொண்டே அவருக்குச் சீனியை நிறுத்துக் கொடுத்தார்.

தொழிற்சாலைக்குக் கீழே பழைய கல்குழியில் துரை அவரைச் சுடப் பழக்கினார். சுடுவதைவிடச் சுடுவதற்குமுன் எப்படி நிற்பது என்பதைத்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தார். அதன்பிறகு மச்சான் தானாகவே, தோட்டா இல்லாத வெறும் துப்பாக்கியுடன், ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டின் பின்புறம் பழகினார். கழிவுத் தேயிலை திணித்த சாக்கு ஒன்றைக் கொய்யா மரத்தில் கட்டியிருந்தார். கல்லூரி விடுமுறையில் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

துரை சொன்ன நிலைகளுக்கு ஆங்கிலப் பெயர்கள் இருந்தன. மச்சானுக்கு அவை வாயில் நிற்கவில்லை. தனக்குத் தெரிந்த வேலைகளைக் கொண்டு பெயர் வைத்துக்கொண்டார். துப்பாக்கி இடுப்பு உறையில் கிடக்க, கை மட்டும் அதன்மேல் இருப்பது 'பெரட்டு'. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வேலை சொல்லும்வரை ஆட்கள் நிற்பதுபோல. இரண்டு கையும் நெஞ்சோடு ஒட்டி, முனை முன்னே நீண்டிருப்பது 'கொழுந்து', கொழுந்து பறிப்பவர்களின் கை நெஞ்சருகே நிற்பதுபோல. இரண்டு கையையும் நீட்டி, முனை சாய்வாகத் தரையைப் பார்த்திருப்பது 'முள்ளுக்குத்து'. தேயிலைக்கு இடையில் மண்ணைக் கிளற நீளக் காம்பு போட்ட இரும்பு முள்ளு பிடிப்பவன் அப்படித்தான் நிற்பான். நான்காவது, துரைக்கு மிகவும் பிடித்தது: ஜீப்பில் உட்கார்ந்தபடியே துப்பாக்கியை மடியில் வைத்து, முனையைக் கதவுப் பக்கம் திருப்பி, விரலை விசையில் போட்டு வைத்திருப்பது. இதற்கு மட்டும் மச்சான் பெயர் வைக்கவில்லை.

"அந்தச் சாக்கு ஒங்களுக்கு என்னா பாவம் பண்ணுச்சு?" என்று அக்கா அடுப்படியிலிருந்து கேட்பாள். "சாமிக்குச் சூடம் காட்டுற மாதிரி தூக்குறதும் எறக்குறதும்! வெறகு பொளந்தாலாவது அடுப்பெரியும்."

"நீ சும்மா இரு புள்ள. கணக்குத் தப்பிரும்."

அவர் பழகியதெல்லாம் பெரும்பாலும் முள்ளுக்குத்துதான். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"பெரட்டுல இருந்து எடுத்தா நேரமாகுது மாப்ள. கொழுந்துல வச்சா நம்ம கையே நம்ம கண்ண மறைக்குது. அவன் கையில என்னா இருக்குன்னு தெரிய மாட்டேங்குது. முள்ளுக்குத்துல ஆளு முழுசாத் தெரியுறான். தலையில இருந்து காலு வரைக்கும்."

"மடியில வச்சா?"

"மடியில வச்சா ஆளப் பாக்கவே வேணாம்னு ஆயிருது. மொதல்ல வெடிச்சிரும். பொறகுதான் யாருன்னு பாக்கணும்."

முனையைத் தரையிலிருந்து உயர்த்துவார். வயிற்று உயரத்தில் நிறுத்துவார். மறுபடி தாழ்த்துவார். பாதியில் நிறுத்துவதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. உயர்த்துவதைவிட அதுதான் கடினம் என்று எனக்குப் பார்க்கும்போதே தெரிந்தது. கை போன வேகத்திலேயே மேலே போகத் துடிக்கும். ஒருநாள் கல்குழியில் துரை அதைக் கவனித்துவிட்டு, "ஏன் பாதியிலே நிக்குது?" என்று கேட்டாராம். "கை வலிங்க தொரை" என்று சொல்லித் தப்பித்திருக்கிறார்.

தெரியாத யாரோ ஒரு கொள்ளைக்காரனை நினைத்து அவர் பயப்படவில்லை. தெரிந்த ஒருவனைச் சுட்டுவிடுவோமோ என்பதுதான் அவருடைய பயம். அந்தப் பாதையில் நடப்பவர்கள் எல்லோரும் எங்கள் ஆட்கள். மழைக்காலத்தில் எல்லோரும் தலையிலிருந்து முழங்கால்வரை கம்பளியைப் போர்த்தியிருப்பார்கள். கம்பளிக்குள் யார், கையில் என்ன என்று தெரியாது.

ஐம்பத்தெட்டு ஆனி மாதம் அது நடந்தது. விடாத மழை. அட்டனிலிருந்து பணப்பையுடன் திரும்பி, நோர்வூட்டைத் தாண்டித் தோட்டப் பாதைக்குள் ஏறியபோது மூடுபனி ஜீப்பின் கண்ணாடிவரை வந்து நின்றது. ஒரு வளைவில் துரை சட்டென்று நிறுத்தினார். பாதைக்குக் குறுக்கே ஒரு சவுக்கு மரம் கிடந்தது. அடியில் புதிதாக வெட்டிய இடம் வெள்ளையாகத் தெரிந்தது.

துரை மச்சானின் முழங்கையைத் தொட்டார். மச்சான் இறங்கி, கதவை ஒட்டி, முனை தரையைப் பார்க்க நின்றார்.

மேலே மண்மேட்டிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். கம்பளி முகத்தை மூடியிருந்தது. இரண்டு கைகளும் உள்ளே. ஏதோ கத்தினான். பக்கத்து ஓடையின் இரைச்சலில் கேட்கவில்லை. துரை "நில்லு!" என்று கத்தியதும் அவனுக்குக் கேட்டிருக்காது. நெருங்கி வந்தவன், அது துரையின் ஜீப் என்று கண்டதும் நின்றான். நின்றவுடன் செய்த காரியம், எங்கள் தோட்டத்தில் எந்த ஆளும் யோசிக்காமல் செய்வது. துரையின் முன்னால் தலையை மூடிக்கொண்டு நிற்கக் கூடாது. இடது கையால் கம்பளியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். கம்பளி கீழே விழுந்தது. உள்ளே இருந்த வலது கை வெளியே வந்தது. அதில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி.

"சுடு! சுடு!"

மச்சானின் கைகள் உயர்ந்தன. வயிற்று உயரத்தில் நின்றன.

துப்பாக்கி முனைக்கு மேலே அந்த மனிதன் முழுசாகத் தெரிந்தான் என்று பிறகு என்னிடம் சொன்னார். கத்தியின் வாய் கீழே பார்த்திருந்தது. மழை கொட்டும் மொட்டைத் தலை குனிந்திருந்தது.

"சலாமுங்க தொரை," என்றான் அவன். கீழ்ப்பிரிவுப் பொன்னையா. "மதகு ஒடஞ்சி போச்சுங்க தொரை. அந்தப் பக்கம் போனா ஆத்துலதான் விழணும். இருட்டுனா தெரியாதுன்னு நான்தான் மரத்த வெட்டிப் போட்டேன்."

மச்சான் துப்பாக்கியை உறையில் போட்டார். சேற்றில் கிடந்த கம்பளியை எடுத்துப் பிழிந்து பொன்னையாவின் தலையில் போர்த்தினார்.

"தொரை இருக்காருங்கண்ணே," என்று பொன்னையா கூசினான்.

"மூடிக்கடா."

அப்போதுதான் அவன் இடுப்பு உறையைப் பார்த்திருக்கிறான். "என்னையவா சுட வந்தீங்க? சுட்டிருந்தா எம் பொண்டாட்டி ஒங்களுக்குக் கோழி அடிச்சி விருந்து வச்சிருப்பா" என்று சிரித்தானாம். மச்சானுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று வீட்டுக்கு வந்தும் அவர் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள்.

மறுநாள் துரை கூப்பிட்டனுப்பினார். "நீ மெதுவு. அது வேற ஆளா இருந்தா நாம ரெண்டு பேரும் செத்துப்போச்சு. அடுத்த சம்பளம் மடியிலே வை. விரல் உள்ளே. சரியா?" முடியாது என்றால் துப்பாக்கி வேறொருவன் மடிக்குப் போகும். அவன் பாதியில் நிறுத்தப் பழகியவனாக இருக்கமாட்டான். மச்சான் "சரிங்க தொரை" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்த மாதம் முழுக்க அவர் சாக்கின் பக்கமே போகவில்லை. வேலை முடிந்ததும் ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாகப் போனார். ஒவ்வொரு வாசலிலும் ஒரே செய்தி: சம்பளப் பணம் வரும் நாளில் ஜீப்பைக் கண்டால் யாரும் முக்காட்டை எடுக்காதீர்கள். கையைக் கம்பளிக்கு வெளியே தொங்கவிட்டு, இருந்த இடத்திலேயே அசையாமல் நில்லுங்கள்.

"தொரைக்கு முன்னால முக்காடா? முத்துலிங்கம் கங்காணி பேர வெட்டிருவாரு," என்றார் ஒரு பெரியவர். பேர் வெட்டினால் அன்றைய வேலை கணக்கில் வராது.

"பேரு போனா மறுநாளு வரும். உசுரு போனா வருமா?"

"எங்க அப்பன் காலத்துல இருந்து எடுத்துக்கிட்டுத்தான இருக்கோம்?"

"ஒங்க அப்பன் காலத்துல என் மடியில இது இல்ல."

பொன்னையாவும் கூடவே போய், தன் தலையைத் தட்டிக் காட்டி, "இந்தத் தேங்கா ஒடஞ்சிருக்கும்; தப்பிச்சிச்சு" என்றான். அவனைப் பார்த்த பிறகுதான் பலர் நம்பினார்கள்.

அடுத்த சம்பளத்துக்கும் மழைதான். ஆட்கள் மலையிலிருந்து இறங்கும் நேரத்தில் ஜீப் வந்தது. பாதையின் இரண்டு பக்கமும் ஆணும் பெண்ணும் கம்பளியோடு, கைகள் வெளியே தெரிய, கல்லாக நின்றார்கள். ஒரு தலைகூடத் திறக்கவில்லை. துரை வண்டியின் வேகத்தைக் குறைத்தார். அத்தனை மூடிய தலைகளுக்கு நடுவே அவர் இதற்குமுன் ஓட்டிப் போனதில்லை. பக்கத்தில் மச்சான், சொன்னபடியே, துப்பாக்கி மடியில், விரல் விசையில்.

அலுவலக வாசலில் முத்துலிங்கம் கங்காணி காத்திருந்தார். "பாத்தீங்களா தொரை? தலையில கம்பளியோட நிக்கிறானுங்க. மரியாதைன்னு ஒன்னு வேணாமா? எல்லாம் இந்த ஆளு லயத்துல போயி ஓதுனது."

துரை மச்சானைப் பார்த்தார். "நீயா சொன்னே?"

"ஆமாங்க தொரை."

"ஏன்?"

"நீங்க மடியில வைக்கச் சொன்னீங்க, வச்சிருக்கேன். இன்னைக்கி ஒருத்தன் முக்காட்டுல கை வச்சிருந்தாலும் நான் சுட்டிருப்பேன். சுட்டிருந்தா நீங்கதாங்க கோட்டுல வந்து சொல்லணும், அவன் எதுக்குக் கையத் தூக்குனான்னு. ஒங்களுக்கு மரியாத பண்ணத் தூக்குனான்னு சொல்லணும்."

தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. கங்காணி வாயைத் திறந்தார். துரை கையைக் காட்டி நிறுத்தினார். மச்சான் தன் வேலை போய்விட்டது என்றே நினைத்தாராம். வீட்டைக் காலி பண்ணினால் அக்காவை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுகூட யோசித்துவிட்டாராம்.

கடைசியில் துரை கங்காணியிடம் சொன்னார்: "சம்பள நாள் கம்பளி இருக்கட்டும். விடு." பிறகு மச்சானிடம் திரும்பி, ஜீப்பின் தரையை விரலால் காட்டினார். "முனையை அங்கே பிடி."

சம்பள நாளுக்கு மட்டும் என்றுதான் அந்த உத்தரவு. ஆனால், இன்றைக்கு மூடலாம் நாளைக்கு மூடக்கூடாது என்று மழையில் நடப்பவன் தேதி பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அடுத்த மழைக்காலத்தில் எந்த நாளிலும் யாரும் எடுக்கவில்லை. கங்காணி சிலர் பேரை வெட்டிப் பார்த்துவிட்டு ஓய்ந்தார். எங்கள் தோட்டத்தில் அந்த வழக்கம் போனது யாரும் கொடி பிடித்ததனால் அல்ல. மற்றத் தோட்டங்களில் அது எப்படிப் போயிற்றோ, எனக்குத் தெரியாது.

துரை சீமைக்குப் போகும்வரை அந்தத் துப்பாக்கி மச்சானிடம் இருந்தது. ஒருவர்மீதும் அது வெடிக்கவில்லை.

உத்தரவு வந்த அடுத்த ஞாயிறு நான் அங்கே இருந்தேன். கொய்யா மரத்தில் சாக்கு மறுபடி ஏறியிருந்தது. முனையை உயர்த்தி, பாதியில் நிறுத்தி, தாழ்த்திக்கொண்டிருந்தார்.

"அதான் எல்லாரும் அசையாம நிக்கிறாங்களே மச்சான், இன்னும் எதுக்கு?" என்றேன்.

அவர் சாக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவங்க பழகிட்டாங்க மாப்ள. நான் இன்னும் பழகல."