இருநூற்றுப் பத்துக் கிலோ மாப்பிள்ளை

அந்த நிகழ்ச்சி எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது 2006 சித்திரையில். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பழைய சின்ன டிவியைக் கொடுத்துவிட்டுப் பெரியது வாங்கியது அந்தச் சித்திரையில்தான். புது டிவியில் முதன்முதலாக முழுசாகத் தெரிந்த முகம் அவருடையது. என் மனைவி மாசி மாதம் என்பாள். மாசியில் எங்கள் தெருவுக்குக் கேபிள் ஒழுங்காக வரவில்லை என்பதை அவள் மறந்துவிடுகிறாள்.

காலை ஏழு மணிக்கு வருவார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். எல்லோரும் டிவி டாக்டர் என்றுதான் சொன்னோம். அவர் என்ன படித்தவர் என்று திரையில் ஒருநாளும் போட்டதாக நினைவில்லை. அவருக்கு முன்னால் மேசை மேல் ஒரு பெரிய பரங்கிக்காய் இருக்கும். நேயர்கள் தொலைபேசியில் அழைத்துத் தங்கள் எடையைச் சொல்வார்கள். எடை அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் பரங்கிக்காயைத் தட்டுவார். தொம் என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகு திட்டு.

"மூட்டு வலிக்குதுன்னு அழறீங்களேம்மா, சுமக்கிற மூட்டு அழணுமா, சவாரி போற நீங்க அழணுமா?" என்று ஒரு அம்மாளைக் கேட்டார். அந்த அம்மாள், "ரொம்ப நன்றிங்க டாக்டர், மூணு மாசமா லைன் கிடைக்காம இன்னிக்குத்தாங்க கிடைச்சுது" என்று சொன்னார். இன்னொரு நாள், குண்டாக இருப்பவர்கள் எல்லோரும் பக்கத்து இலைச் சோற்றைத் திருடியவர்கள் என்று பொதுவாக அறிவித்தார். தமிழ்நாடே நன்றி சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பியது.

ஓசூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையிலும் அந்தப் பரங்கிக்காய் வந்துவிட்டது. கேன்டீனில் யாராவது இரண்டாவது வடைக்குக் கை நீட்டினால் போதும். சுற்றி இருப்பவர்கள் தகர மேசையைத் தட்டுவார்கள். தொம். மதுரைக்காரர், திருநெல்வேலிக்காரர், ஆனேக்கல்லிலிருந்து வரும் கன்னடக்காரர் எல்லோருக்கும் பொதுவாக இருந்த ஒரே மொழி அந்த ஆண்டில் அதுதான்.

என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சினன், ஜூஜுவாடியில் லாரிகளை எடை போடும் எடைமேடையில் ஆபரேட்டராக இருந்தான். லாரி மேடையில் ஏறி நிற்கும்; இவன் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவான்; சீட்டு வரும். நல்ல உயரம், அதற்கு மேல் நல்ல அகலம். "அண்ணே, நீ ரூமை விட்டு வெளிய வந்துராத. நீ மேடையை மிதிச்சா எனக்கு ஓவர்லோடு கேஸ் போட்டுருவாங்க" என்று நாமக்கல் டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். இவன் சிரித்துக்கொண்டே சீட்டைக் கிழித்துக் கொடுப்பான். பெண் பார்க்கப் போன இடங்களில் இதையே நாசூக்காகச் சொன்னபோது அவனால் சிரிக்க முடியவில்லை. "மாப்பிள்ளை வீட்ல நல்ல வசதி போலிருக்குதே" என்று அவன் வயிற்றைப் பார்த்துச் சொன்னார் ஒருவர். இன்னொரு வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவிட்டு இரும்பு நாற்காலி போட்டார்கள்.

வைகாசியில் பர்கூரில் ஒரு பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா கிரானைட் கல் ஏற்றி அனுப்பும் தொழில் செய்பவர். பெண் பார்க்கும் வீட்டில் கேசரியும் பஜ்ஜியும் வருவதுதான் வழக்கம். அங்கே வெள்ளரிக்காய்த் துண்டும் வேகவைத்த கொள்ளும் வந்தன. காபியில் சர்க்கரை இல்லை. கூடத்தில் டிவி இருந்தது. டிவி மேல் ஒரு முழம் மல்லிகை. எனக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது.

அவர் ஜாதகம் கேட்கவில்லை. "தம்பி என்னா உயரம்? என்னா எடை?" என்று கேட்டார்.

"உயரம் நூத்தி எழுவத்தி மூணுங்க. எடை நூத்திப் பத்து இருக்குங்க" என்றான் மச்சினன், கொள்ளைப் பார்த்தபடி.

"எதுல பாத்தது?"

"மருந்துக் கடை மெஷின்லங்க."

"அந்தக் கலர் லைட் சுத்தற மெஷினா? அது எடையும் சொல்லும், பின்னாடி அதிர்ஷ்டமும் சொல்லும். முப்பது வருசமா கல்லு ஏத்தறேன் தம்பி. நான் நம்பற காகிதம் ஒண்ணே ஒண்ணுதான். எடைமேடை சீட்டு. கொண்டாங்க."

"நானே எடைமேடையிலதாங்க வேலை செய்யறேன்."

"அதான் உங்க மேடை வேணாங்கறேன். நீங்களே சரக்கு, நீங்களே சீட்டா? குந்தாரப்பள்ளிகிட்ட ஒரு மேடை இருக்குது. அங்க போட்டுகினு வாங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், டாக்டர் கணக்குப்படி உயரத்துல நூறு கழிக்கணும். எழுவத்தி மூணு வருது. அவ்ளோ கேக்க நானும் மனசாட்சி இல்லாதவன் இல்ல. ஆடி முடியறதுக்குள்ள மூணு இலக்கத்துல இருந்து ரெண்டு இலக்கத்துக்கு வரட்டும். ஆவணியில முகூர்த்தம் வெச்சுக்கலாம்."

இதற்கெல்லாம் நடுவில் பெண் ஒரு காரியம் செய்தாள். நாங்கள் கிளம்பும்போது என் மனைவியின் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்து, "அக்கா, வாழைக்கா பஜ்ஜி. அப்பாவுக்குத் தெரியாம சுட்டேன். உங்க தம்பி அந்தக் கொள்ளைப் பாத்த பார்வையைப் பாக்க முடியல" என்று சொல்லியிருக்கிறாள். பஸ்ஸில் மச்சினன் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, கிருஷ்ணகிரி வரும்வரை பிரிக்கவில்லை. "மாமா, கல்யாணம்னு ஒண்ணு பண்ணா இந்தப் பொண்ணைத்தான்" என்றான். பிறகு பிரித்து ஒரு பஜ்ஜியை எடுத்து, யோசித்து, மிச்சத்தை என்னிடம் கொடுத்துவிட்டான். அவன் எவ்வளவு உறுதியாக இருந்தான் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

மறுநாளே அவன் பைக்கில் குந்தாரப்பள்ளி போனோம். மச்சினன் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவதுபோல் மேடை நடுவில் போய் நின்றான். மேடை பூஜ்யம் காட்டியது.

"ஒத்த ஆளை மேடை மதிக்காதுண்ணா. அது லாரிக்குப் பொறந்தது" என்றான் அங்கிருந்த ஆபரேட்டர். "பைக்கோட ஏறு. அப்புறம் பைக்கை மட்டும் ஏத்திக் கழிச்சுக்கலாம்."

லாரி எடையிலும் அதே முறைதான். சரக்கோடு சேர்ந்த மொத்த எடை கிராஸ். வண்டியின் வெற்று எடை டேர். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் சரக்கு. சீட்டில் வந்தது: கிராஸ் இருநூற்று இருபது, டேர் நூற்றுப் பத்து. மச்சினன் நூற்றுப் பத்து. அரசர்கள் தங்களைத் தராசில் நிறுத்தி எடைக்கு எடை பொன் தானம் செய்த செய்திகளைக் கல்வெட்டுப் புத்தகங்களில் நிறையப் படித்திருக்கிறேன். மோட்டார் பைக்குக்குச் சமமாக நிறுத்தப்பட்டவர் எனக்குத் தெரிந்து என் மச்சினன் ஒருவன்தான்.

ஆனி முழுக்க அவன் பட்ட பாட்டை எழுதினால் பரிதாபமாகத்தான் இருக்கும். காலையில் கொள்ளுத் தண்ணீர். ராத்திரி ஒரு ராகிக் களி உருண்டை, அதுவும் என் மனைவி பிடித்த சின்ன உருண்டை. வேலை முடிந்ததும் அத்திப்பள்ளி டோல்கேட் வரை நடை. கர்நாடகாவுக்குள் போய்த் திரும்பி வருவதால் இரண்டு மாநிலத்தில் உடற்பயிற்சி செய்வதாகச் சொல்லிக்கொண்டான். ஆடி பிறந்ததும் மறுபடி குந்தாரப்பள்ளி போனோம். கிராஸ் இருநூற்றுப் பத்து. அப்படியானால் இவன் நூறு. வழியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம்.

அதற்குப் பிறகு நூறு நகரவில்லை. ஆடிப்பெருக்கு முடிந்து போனோம், நூறு. மருந்துக் கடை மெஷின் தொண்ணூற்றெட்டு என்றது. மேடை நூறு என்றது.

"அது பத்துப் பத்தாத்தான் காட்டும் மாமா" என்றான் மச்சினன், தரையைப் பார்த்துக்கொண்டு. அவனுக்குத் தெரியாமல் இருக்குமா, அவன் தொழிலே அதுதானே. "தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ போனாத்தான் தொண்ணூறுன்னு காட்டும். தொண்ணூத்தெட்டு தொண்ணூத்தொம்பது எல்லாம் அதுக்கு நூறுதான்."

பர்கூரில் இதை விளக்கினேன். பெண்ணின் அப்பா பொறுமையாகக் கேட்டார். "சார், மேடை நூறுங்குது. நூறுங்கறது ரெண்டு இலக்கமா, மூணு இலக்கமா? நீங்களே சொல்லுங்க." திருப்பத்தூர் பக்கமிருந்து இன்னொரு வரன் வந்திருப்பதாகவும், பையன் கொடி மாதிரி இருப்பதாகவும் தெரிவித்தார். அன்று சாயங்காலம் பெண் என் மனைவிக்கு போன் செய்தாள். "அக்கா, அந்த ஒல்லி ஆளு காபியில ஈ விழுந்த மாதிரியே சிரிக்கறாரு. எனக்கு இவரு போதும்னு உங்க தம்பிகிட்ட சொல்லிடுங்க. ஆனா எங்கப்பா டாக்டர் சொன்னாத்தான் கேப்பாரு."

அவள் அப்பாவும் அதே முடிவுக்குத்தான் வந்திருந்தார். டாக்டரையே கேட்டுவிடுவது, அவர் சரி என்றால் ஆவணியில் இவன், இல்லை என்றால் திருப்பத்தூர். ஒரு வாரம் முயன்று, ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமைக்கு லைன் உறுதியானது. எங்களையும் வரச் சொல்லிவிட்டார். ஆபீசில் அரை நாள் லீவு போட்டேன். காரணம் என்று கேட்ட இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன், வேறு எப்படி எழுதுவது.

பெண்ணின் அப்பா குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டு டிவிக்கு எதிரே போனோடு உட்கார்ந்திருந்தார். கையில் அந்தக் கடைசிச் சீட்டு. மச்சினன் சுவரோரம் நின்றான். பெண் சமையலறைக் கதவுக்குப் பின்னால். பர்கூரே அந்த நேரத்தில் டிவி பார்க்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் ஊர் முழுக்க அவரே சொல்லி வைத்திருந்தார்.

"வணக்கம், சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"வணக்கம் ஐயா! பர்கூர்ல இருந்து—"

"டிவி சவுண்டைக் குறைங்க சார்."

அவர் குறைக்கத் தயாராக இல்லை. டாக்டரின் குரலைக் குறைப்பது மரியாதை ஆகாது என்று நினைத்தாரோ என்னவோ. அவர் மனைவி எழுந்து போய்க் குறைத்தார்.

"பொண்ணுக்கு மாப்பிள்ள பாத்திருக்கறேன் ஐயா. பையன் நல்ல பையன். எடைதான் கொஞ்சம் சந்தேகம். நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

"எடை எவ்வளவு?"

கல் வியாபாரத்தில் யாரும் எடையை ஒரே எண்ணாகச் சொல்வதில்லை. கிராஸ், டேர், அப்புறம் சரக்கு. அந்த வரிசையை மாற்றிச் சொன்னால் ஏமாற்றுக்காரன் என்று அர்த்தம். பெண்ணின் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, முறைப்படி ஆரம்பித்தார்.

"கிராஸ் இருநூத்திப் பத்து கிலோங்க—"

டாக்டரின் கை பரங்கிக்காய் வரை போய், நடுவிலேயே நின்றது. தட்டவில்லை. பரங்கிக்காயை ஓரமாகத் தள்ளி வைத்தார். இந்த எடைக்கு அதன் சத்தம் போதாது என்று தோன்றியிருக்க வேண்டும்.

"இருநூத்திப் பத்தா! என்னங்க இது, மாப்பிள்ளையா, மண்டபமா?"

"டேர் இருக்குதுங்க ஐயா. டேர் கழிச்சா—"

"கழிக்கறதெல்லாம் அப்புறம்! இந்த ஆளு உங்க வீட்டுக்குள்ள எப்படி வந்தாரு? கதவைப் பேத்துட்டா?"

"ஐயா, வண்டி எடை அதுல—"

"வண்டியில ஏறினா வண்டி போச்சு! பெத்த பொண்ணைக் கொடுக்கறீங்களா, இரை போடறீங்களா? சரி, உங்க பொண்ணு என்ன எடை?"

"பொண்ணை எடை போடலீங்க ஐயா."

"போடுங்க. அதுவும் இதே மாதிரி இருந்தா ஜோடி பொருத்தம்தான், தாராளமாக் கட்டி வைங்க. அடுத்த நேயர்!"

லைன் போய்விட்டது. உடனே நெய் விளம்பரம் வந்தது. ஒரு குடும்பமே லட்டு சாப்பிட்டுச் சிரித்தது.

பெண்ணின் அப்பா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மச்சினன் என்னைப் பார்த்தான். அவன் முகம் பஸ்ஸில் பொட்டலத்தை மடியில் வைத்திருந்தபோது இருந்ததுபோல் இருந்தது. திருப்பத்தூர்தான் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

"டேர் கழிக்கல" என்றார் அவர். யாரிடம் என்று தெரியவில்லை.

"என்னாங்க?" என்றார் அவர் மனைவி.

"டேர் கழிக்காம பேசறான். நான் சொல்லிகினே இருக்கறேன், காதுல வாங்கல." குரல் ஏறியது. "கல்லு வாங்க வர்ற எவனா இருந்தாலும் டேர் எவ்ளோன்னு கேப்பான். வடநாட்டுக்காரன், பாஷை தெரியாதவன், அவன் கூடக் கேப்பான். கேக்காம வெலை சொல்றவன் வியாபாரியே இல்ல. இவன் என் பொண்ணைப் பத்திப் பேசறான், டேர் கழிக்காம!" அதற்குப் பிறகு தெலுங்கில் ஒரு சொல் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

எழுந்து போய் டிவி மேலிருந்த மல்லிகையை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றார். பிறகு உள்ளே பார்த்து, "ஏம்மா, இந்தப் பூவை நீ வெச்சுக்கோ. வாழைக்கா இருந்தா நாலு பஜ்ஜி போடு. வீட்டுக்கு வந்தவங்க வெறும் வாயோட உக்காந்திருக்காங்க" என்றார்.

"ஏற்கனவே போட்டாச்சுப்பா" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. மாவு எப்போது கரைத்தாள் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

கல்யாணம் ஆவணியில், சொன்ன மாதத்திலேயே, பர்கூரில் நடந்தது. இடையில் நாங்கள் யோசிக்காத ஒன்று நடந்திருந்தது. டிவியில் கேட்டவர்கள் யாரும் டேரைக் கேட்கவில்லை. இருநூற்றுப் பத்தை மட்டும் கேட்டிருந்தார்கள். மண்டபத்துக்காரர் முதல் நாளே பெண்ணின் அப்பாவிடம் வந்து, "மணமேடை பலகை தாங்குமாங்க? உங்ககிட்டத்தான் கல்லு இருக்குதே, அடியில நாலு போட்டுட்டா நல்லது" என்று கேட்டுக் கல் அடுக்க வைத்தார். மணமகனுக்கு இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துக் கட்டி மேலே விரிப்புப் போட்டிருந்தார்கள். அழைப்பு இல்லாதவர்களும் வந்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு.

மச்சினன் பட்டு வேட்டியில் மண்டபத்துக்குள் நுழைந்தான். கூட்டம் அவனைத் தாண்டி, அவனுக்குப் பின்னால் வருவது யார் என்று எட்டிப் பார்த்தது.

"இவருதாம்பா மாப்பிள்ள" என்று யாரோ சொன்னார்கள்.

"இவரா? சும்மா சொல்லாத."

"சத்தியமா இவருதான்."

ஒரு அம்மாள் அருகில் வந்து, அவனை மேலும் கீழும் பார்த்து, உண்மையான வருத்தத்தோடு கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "என்னா தம்பி, இப்பிடி எளைச்சுப் போயிட்டீங்க! கல்யாணக் கவலையா? நல்லா சாப்புடுங்கப்பா."

பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையை அவனிடம் யாரும் சொன்னதில்லை. அன்று மட்டும் ஊரே வரிசையில் நின்று சொன்னது. முகூர்த்தம் முடிந்து பந்தியில் அவன் இரண்டாவது வடைக்குக் கை நீட்டியபோது, என் தொழிற்சாலை நண்பர்கள் பழக்கத்தில் மேசையைத் தட்டக் கையை ஓங்கினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மணப்பெண் அவர்களைப் பார்த்தாள். கைகள் அப்படியே இறங்கின. பரிமாறுகிறவரிடம், "அண்ணா, இவரு ரொம்ப எளைச்சுட்டாராம். இன்னும் ரெண்டு வைங்க" என்றாள்.