கசெற்றில் இல்லாதவர்

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்றது மூன்று, தம்பியின் மகன் ஒன்று, நாலு பேரையும் லண்டனில் இந்த ஈஸ்ட் ஹாமில் வளர்த்து ஆளாக்கினேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள். எழுத்துக் கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை பேத்தி ஆரணி பழைய வீடியோக் கசெற்றுகளைப் பெட்டியோடு இறக்கினாள். கணினியில் ஏற்றப் போகிறாளாம். தன் தாய் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டுக் கசெற்றைத் திறந்தாள். அவளுக்குப் பிளாஸ்டிக் மணம். எனக்கு மேசைக்குப் போடும் பொலிஷ் மணம் வந்தது. அந்தக் கசெற் ஒரு பெரிய மேசைக்குப் போய்த் திரும்பி வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஒரு பல்கலைக்கழகத்தில் விடியற்காலைத் துப்புரவு ஷிப்ட் செய்தேன். ஊருக்கு 'யூனிவர்சிட்டியில் வேலை' என்று மட்டும் எழுதினேன். பொய்யில்லைத்தானே. அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைவியாக அமெரிக்காவிலிருந்து ஒரு கறுத்தப் பெண் வந்தார். நான் மேசை துடைக்க, தேநீர்க் கோப்பையைக் கையில் தூக்கிக்கொண்டு கதைப்பார். சின்ன வயதில் அவருடைய ஊர் நூலகத்துக்குள் கறுத்த பிள்ளைகளை விடமாட்டார்களாம். தாய் பிறத்தியாரின் உடுப்புத் தோய்த்துப் படிப்பித்தாராம். பிறகு விரிவுரையாளர், பீடாதிபதி, தலைவி என்று எந்தப் பதவிக் கதிரைக்குப் போனாலும், அதில் இருந்த முதல் கறுத்தப் பெண் அவர்தான்.

"பெருமைதானே, மடம்?" என்று என் அரைகுறை இங்கிலீசில் கேட்டேன்.

பெருமைதான், ஆனால் மத்தியானச் சாப்பாடு எப்போதும் தனியத்தான் என்று சிரித்தார்.

அதுதான் இளையவளின் சாமத்தியவீட்டுக்கு அழைத்தேன். மண்டபத்துப் பின்னறையில் நானே அவருக்கு நீலச் சேலை உடுத்திவிட்டேன். என்னோடு சேர்ந்து மகளுக்கு ஆராத்தி எடுத்தார். பந்தியில் எங்கள் சனத்தோடு இருந்து கையால் சோறு சாப்பிட்டார்.

என் கணவரின் தங்கை காதுக்குள் குனிந்தார். "மச்சாள், ஆராத்திக்கு வேற ஆள் கிடைக்கேல்லையோ? ஒரு கறுப்பியையே பிடிச்சனீங்கள்?"

அந்த மச்சாளே என்னைவிட ஒரு படி கறுப்பு. "நாங்கள் ரெண்டு பேரும் என்ன வெள்ளைக்காரியளோ?" என்றேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

கசெற் வந்ததும் தலைவி ஆசையாகக் கேட்டார். அமெரிக்காவிலிருந்து வந்து நிற்கும் தமக்கைக்குக் காட்டவேண்டுமாம். இரண்டு ஷிப்டுக்கு நடுவில் எனக்குப் பார்க்க நேரமில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன், தலை நிமிர்ந்து.

திங்கட்கிழமை திருப்பித் தந்தார். முழுவதும் பார்த்தோம், உன் மகள் நல்ல வடிவு என்றார். 

வீட்டில் போட்டுப் பார்த்தேன். மாமி ஆராத்தி எடுத்தார், மச்சாள் எடுத்தார். நானும் தலைவியும் எடுத்தது இல்லை. பந்தியில் அவர் இருந்த வரிசையே இல்லை.

"என்னப்பா இது?"

"ஊருக்கும் கனடாவுக்கும் போற கசெற். மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசுற நேரம். நான்தான் வெட்டச் சொன்னனான்" என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலை எடுக்காமல்.

"அந்த மனுசி பார்த்திட்டுதப்பா."

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது.

சாமத்தியவீட்டைப் படம் பிடித்த வீடியோக்காரப் பொடியனின் கடைக்கு ஓடினேன், வெட்டின துண்டையாவது வாங்க. அவன் தலையைச் சொறிந்தான். "அக்கா, படம் பிடிச்ச அந்தக் கசெற்றுக்கு மேலயே இங்க எட்மண்டனில ஒரு கலியாணம் எடுத்து அழிச்சிட்டனே."

தலைவி மாறவில்லை. அதே குட் மோர்னிங், அதே கதை. நான்தான் குனிந்த தலை நிமிராமல் மேசையைத் துடைத்தேன். நடந்ததைச் சொல்ல என் இங்கிலீசில் சொல் இல்லை. தமிழிலும் தேடிப் பார்த்தேன். பிறகு அவர் அமெரிக்காவில் இன்னும் பெரிய பல்கலைக்கழகத்துக்குத் தலைவியாகப் போய்விட்டார். நடைபாதையில் வெள்ளைக்காரத் தலைவர்களின் படங்களோடு அவருடைய படத்தையும் மாட்டினார்கள். தூசு தட்டும்போதும் அந்தக் கண்ணை நேரே பார்க்க எனக்கு ஏலவில்லை.

அந்தக் கட்டடத்தை இப்போது வீடுகளாக்கி விற்றுவிட்டார்கள். படம் எங்கே போனதோ. வீடியோக் கடை போன் கடையாகிவிட்டது. கோபிப்பதற்குக் கணவரும் இல்லை. கசெற் ஓடி முடிய ஆரணி கேட்டாள்: "அம்மம்மா, ஆராத்தியில உங்களைக் காணேல்லையே?"

அதனால்தான் எழுதினேன். ஆரணி, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நீ. பிள்ளை, இதை ஒருக்கா எனக்கு வாசிச்சுக் காட்டு. ஆறுதலா வாசி. ஒரு இடமும் விடாமல் வாசி.