மடிப்பில் இறங்கிய மை

ஆர்வில்லா யோர்கென்சன் முப்பத்தாறு வருடம் எங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவர். சான்பீட் பள்ளத்தாக்கில் எவர் வீட்டுப் பரணிலிருந்து பழைய கடிதம் விழுந்தாலும் நேரே அவர் சமையலறை மேசைக்குத்தான் வரும். அசலா, போலியா, அவர் சொன்னால் சொன்னதுதான். மார்மன் சபைக்காக வரிந்துகட்டி எழுதும் லோவெலும் வருவார். சபையைக் கிழித்துத் தொங்கவிடும் மெரிலும் வருவார். மெரில் சபையை விட்டு இருபது வருடமாகிறது. பாவம், சபை விலக்கிவைத்த காபியை இன்னும் குடிக்கப் பழகவில்லை.

எங்கள் ஜெபக்கூடத்தில் ஒரு கடிதம் சட்டம் போட்டுத் தொங்கியது. குடியேற வந்த வழியில், பனிமலையில் தன் கைவண்டியைத் தேவதூதர்கள் தள்ளினார்கள் என்று ஊரை நிறுவிய பெரியவர் எழுதியதாம். மெரிலிடம் அதே பெரியவரின் வேறொரு கடிதம்: 'தேவதூதனாவது மண்ணாவது, தள்ளியது என் பெண்டாட்டி.' இரண்டையும் அசல் என்றவர் ஆர்வில்லாதான். அதை வைத்து இருவரும் பன்னிரண்டு வருடம் சண்டை போட்டார்கள்.

போன மாதம் சுவருக்கு வண்ணம் பூசச் சட்டத்தைக் கழற்றினோம். துடைத்துத் தருகிறேன் என்று வீட்டுக்கு எடுத்துப்போன ஆர்வில்லா, பக்கத்து வீட்டிலிருந்த என்னைக் கூப்பிட்டார்.

"இந்த மடிப்பைப் பாரு வெல்டா. எழுதிட்டு மடிச்சா மை மேலேயே நிக்கும். இங்க மடிப்புக்குள்ள இறங்கிப் பரவியிருக்கு. நைஞ்சுபோன பழைய வெத்துத்தாள்ல எவனோ பின்னால எழுதியிருக்கான்."

"அன்னைக்கு எப்படி விட்டீங்க?"

"வெளியில இருந்த தபால் முத்திரை அசல்தான், அதைப் பாத்தே மயங்கிட்டேன், புத்தி கெட்டவ! இனிமே என் பேச்சை எவன் மதிப்பான்?"

"பேசாம மாட்டிடுங்க" என்றேன். சொன்னதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

இந்த மாதத்தின் முதல் ஞாயிறு, வழக்கம்போல எல்லோருக்கும் உபவாசம். ஒவ்வொருவராக மைக் முன் போய், "இந்தச் சபை உண்மைன்னு எனக்குத் தெரியும்" என்பார்கள். ஆர்வில்லாவும் போனார்.

"எனக்கும் ஒண்ணு நிச்சயமா தெரியும்." எல்லோரும் தலையாட்டினார்கள். "இங்க சட்டம் போட்டுத் தொங்கின கடிதம் பொய். அசல்னு சொன்னவ நான்."

ஆர்கன் வாசிக்க உட்கார்ந்திருந்த என் முழங்கை பட்டு அது ஒருமுறை அலறியது. லோவெல் எழுந்தே விட்டார்.

"சிஸ்டர், அதை வச்சு நான் புத்தகமே போட்டிருக்கேன்!"

"தெரியும் பிரதர், நாலு வாங்கினேன். மன்னிச்சிடுங்க."

சாயங்காலம் உபவாசம் முடித்து ஆர்வில்லா வீட்டில் உருளைக்கிழங்கும் பச்சை ஜெல்லியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். லோவெலும் உர்ரென்று உட்கார்ந்திருந்தார். கதவைத் தட்டியது மெரில். செய்தி கேட்டுக் கொக்கரிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கையில் அவர் வைத்திருந்த அந்த இன்னொரு கடிதம்.

"ரெண்டும் ஒரே வியாபாரிகிட்ட வாங்கினது. இன்னொரு தரம் பாருங்க சிஸ்டர்."

"தப்பு பண்ணினவகிட்டயேவா?"

"தப்புன்னு தானே வந்து சொல்ற ஆளு இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?"

ஆர்வில்லா பூதக்கண்ணாடியைக் கடிதத்தின்மேல் வெகுநேரம் நகர்த்தினார். "இதுவும் பொய்தான், மெரில்."

மெரில் தொப்பென்று உட்கார்ந்தார். லோவெல் சிரிக்கவில்லை. கோட்டின் உள்பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார்.

"அடுத்த புத்தகத்துக்கு வச்சிருந்தேன்" என்றார். "அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி இதையும் பாத்துடுங்க சிஸ்டர்."

ஆர்வில்லாவின் முகம் மலர்ந்துபோயிற்று.

"முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க பிரதர்," என்றார், "உருளைக்கிழங்குப் பிசுக்கோட கடிதத்தைத் தொடுறீங்களே!"