சங்குப்பூ மறைத்த சுவர்

ஆணி அடித்தது நான்தான். துணி காயப்போடக் கயிறு கட்டலாமென்று வீட்டின் பின்சுவரில் அடித்தேன். சில நாளில் ஆணியிலிருந்து தரைவரை ஒரு விரிசல் இறங்கியிருந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் உப்புக்காற்று தின்னாத சுவர் கிடையாது, அது எனக்கும் தெரியும். ஆனால் எட்டாவதோடு பள்ளியை விட்டவனுக்கு வேறொரு ஞானம் உண்டு: எது உடைந்தாலும் தன்னால்தான் உடைந்தது என்று யாரும் சொல்லித்தராமலே புரிந்துவிடும்.

வீட்டு உரிமையாளர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். இங்கே அண்ணனைக் கூப்பிடுவதுபோல இக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் லீவில் வருகிறார் என்று பக்கத்து வீட்டுச் சேச்சி சொன்ன அன்றே போய்ச் சுவரை இன்னொரு முறை பார்த்தேன். விரிசலைப் பார்த்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்.

"சீக்கிரம் வளர்ற கொடி ஏதாவது இருக்கா சேச்சி?"

"சங்குபுஷ்பம் நடு. வேகம் கேறும், வேகம் பூக்கும்" என்று சேச்சி காய்ந்த காய்களை உடைத்து விதை தந்தாள்.

ஊறவைத்து, சுவரோரம் ஊன்றினேன். முளைத்ததும் கொடி ஏறக் கயிறு வேண்டுமே? குற்றவாளி ஆணி இருந்தது. அதிலேயே கட்டினேன்.

காலையில் பல் தேய்க்கும் முன்பு சுவரைப் போய்ப் பார்ப்பேன். மனைவிக்குச் சிரிப்பு.

"கொடி வளருதான்னு பாக்குறீங்களா, விரிசல் வளருதான்னு பாக்குறீங்களா?"

"ரெண்டையும்தான்."

"ரெண்டும் போட்டி போடுது. பேசாம இக்காகிட்ட சொல்லிருங்க."

சொல்வதா! மழை என் பக்கம் இருந்தது. கொடி ஆணியைத் தாண்டிக் கூரை ஓட்டைத் தொட்டது. இக்கா வருவதற்குள் சுவர் முழுக்க நீலம். விரிசல் எங்கே என்று நானே தேடவேண்டியிருந்தது. வாழ்க்கையில் நான் திட்டம் போட்டபடி நடந்த ஒரே காரியம் அதுதான்.

இக்கா வந்தார். கூடவே ஒரு கொத்தனார், பின்னால் பெட்டி ஆட்டோவில் சிமெண்ட் மூட்டைகள்.

"இந்த வரவுல பழைய சுவரெல்லாம் சரியாக்கணும். அதுக்குத்தான் வந்தது" என்றவர், பின்பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். "அய்யோ, எந்து பங்கியாணு! என்ன அழகுடா! இங்க சுவருக்குக் குழப்பம் ஒண்ணும் இல்லல்லோ?"

மனைவி என்னைப் பார்த்தாள். கொத்தனாரும் பார்த்தார். வாய் தானாகத் திறந்தது.

"ஒண்ணுமில்ல இக்கா. சுவரு நல்லா இருக்கு."

"பின்னே இதைத் தொட வேண்டா. கொடியை வெட்டிக் களையாதே, கேட்டோ?" என்று போட்டோ எடுத்துக்கொண்டார். சிமெண்ட் முழுவதும் சேச்சி வீட்டுச் சுவருக்குப் போனது. அதுவும் இக்காவுடைய வீடுதான்.

"இப்பவாவது ஓடிப்போய்ச் சொல்லுங்க" என்றாள் மனைவி. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனேன். நல்லா இருக்கு என்று சொன்ன வாயால் இல்லை என்று எப்படிச் சொல்வது? திரும்பி வந்து செருப்பைக் கழற்றினேன்.

இக்கா வளைகுடாவுக்குத் திரும்பிவிட்டார். இந்த மழைக்கு அடுக்களையில் உள்பக்கமாகவே ஈரம் கசிகிறது. சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தால், அவர் பெயருக்குப் பக்கத்தில் அவருடைய முகம் இல்லை, எங்கள் சுவர்தான் நீலமாக இருக்கிறது.

கொடி தானாக வாடினால் விரிசல் தானாகத் தெரியும், நான் வாயைத் திறக்க வேண்டாம் என்று தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன். அது மழையைக் குடித்து முன்னைவிட அதிகமாகப் பூக்கிறது. விதை விழுந்த இடமெல்லாம் புதுக் கொடி. சேச்சி காலையில் பூப்பறிக்க வருகிறாள், பூசிய சுவருள்ள வீட்டிலிருந்து.

"மெதுவாப் பறிங்க சேச்சி" என்கிறேன். "இழுக்காதீங்க."